பேஜார் அக்கா பிடித்த எடிட்டர்

தாம்பரம் வட்டாரத்தில் பேஜார் அக்கா அளவுக்கு நிருபர்களை வெறுத்தவர் யாரும் கிடையாது. இரும்புலியூர் பக்கம் ஏரியில் வலை போட்டு, கரையிலேயே மீன் விற்பவர். யாரைப் பார்த்தாலும் ‘பேஜாரு’ என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

மீன்கள் செத்து மிதந்த அன்று, நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன்.

“மீனு செத்தாத்தான் வருவியா? உசுரோட இருந்தப்போ எங்க போயிருந்த?” என்று ஈர வலையைச் சுழற்றினார். மெயின் ரோடு வரை ஓடினேன்.

ஆனால் கேட்டது நியாயம்தானே? அதன்பின் செய்தி இல்லாத நாட்களிலும் போனேன். ஒருமுறை, “ஜிலேபி கீது, வாங்கிக்கிறியா?” என்றார். அசைவம் தொடாத வீட்டுப் பெண்ணான நான் ஆசையாகப் பையை நீட்டினேன். ஜிலேபி பைக்குள் துள்ளியது; அது மீனின் பெயராம். நான் போட்ட கூச்சலில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றுதான் முதன்முதலாக உட்காரச் சொன்னார்.

மாதங்கள் கழித்துத்தான் விஷயம் வந்தது. ஊரே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் இருக்கும்போது, கழிவுநீர் லாரிகள் பட்டப்பகலில் ஏரிக்குள் குழாயை விடுகின்றன.

“எய்திக்கோ. ஆனா எம் பேரு, மூஞ்சி ஒண்ணும் வரக்கூடாது. பொல்லாதவனுங்க.”

சத்தியம் செய்தேன். பெயரில்லாமல்தான் எழுதினேன். ஆனால் எப்போதோ பெரிய கெண்டையோடு அக்கா எடுக்கச் சொன்ன படமும், லாரிப் படங்களோடு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அது என் தப்பு. எடிட்டர் அக்காவின் படத்தைத்தான் முதல் பக்கத்தில் போட்டார்.

“முகம் இருந்தாத்தாம்மா ரீடர் கனெக்ட் ஆவான்” என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. மறுநாளே லாரிக்காரர்கள் அக்காவின் வலைகளை அறுத்துப் போட்டார்கள்.

போய் நின்றேன். ஒரு மணி நேரம் திட்டினார். ஷேர் ஆட்டோக்கள் நின்று கேட்டன. கடைசியில், “படம் போட்டவன இட்டுகினு வா” என்றார்.

எடிட்டர் மறுத்தார். ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்தேன். வந்தார். கரையில் இறங்கியதும் கர்சீப்பால் மூக்கை மூடினார்.

“கைய எடு. நாங்க இன்னா மூக்க கயட்டி வூட்ல வச்சிட்டா கீறோம்? இத்தப் புடி.”

அறுந்த வலையின் ஒரு முனையைப் பிடித்தபடி, அக்கா எல்லா வலைகளையும் தைத்து முடிக்கும்வரை உச்சி வெயிலில் நின்றார் எடிட்டர். மூன்றாவது வலையில்தான், “மன்னிச்சிடுங்கம்மா” என்ற குரல் வந்தது.

மறுவாரம் பத்திரிகையிலும் மன்னிப்பு வந்தது. லாரிகள் கொஞ்ச நாள் நின்றன; மறுபடி வருகின்றன. அக்கா லாரி நம்பரைக் குறித்துக்கொண்டு, எனக்குப் போன் போட்டுச் சொல்லித் திட்டுகிறார், நானும் விடாமல் எழுதுகிறேன். இரண்டு நாள் திட்டு வரவில்லையென்றால் வண்டியை எடுத்துவிடுகிறேன். ஏரிக்கு என்ன ஆயிற்றோ என்றல்ல, அவருக்கு என்ன ஆயிற்றோ என்று.