பதினாலு அப்பா

நான் நல்ல எண்ணத்தோடு செய்த காரியங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால், கொஞ்சம் கெட்ட எண்ணத்தோடு இருந்திருக்கலாமோ என்று தோன்றும். அதில் முதல் இடம், வீட்டில் இருந்த பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்யக் கிளம்பியதற்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. எனக்கு வயது ஐம்பது நிரம்பியிருந்தது (புத்தி நிரம்பியிருக்கவில்லை). அரசு அலுவலகம் ஒன்றில் பழைய கோப்புகளுக்கு எண் போட்டு அடுக்குவதுதான் என் உத்தியோகம். ஊரார் காகிதத்துக்கெல்லாம் எண் போடுகிறவன் வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதங்கள் கலைந்து கிடக்கலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஷம் வந்துவிட்டது. ஒரு ஸ்கேனரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கூடத்தையே அலுவலகமாக்கினேன். மஞ்சள் காமாலைக்கு வாங்கிய மருந்துச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, யாருடையதென்றே தெரியாத காதுகுத்துப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தேன். சட்டம் ஒன்றும் போட்டேன்: துடைக்காமல் எதையும் ஸ்கேன் செய்யக் கூடாது. என் மனைவி செல்வி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, ஃபேன் மேல தூசி ஒரு இஞ்சு நிக்குது. அதத் தொடைக்க மாட்டேங்கறீங்க. செத்தவங்களத்தான் தொடைப்பீங்களா?"

அவள் வாயில் என்ன இருந்ததோ, அப்படியே பலித்தது.

பெட்டிகள் முடிந்ததும் சுவரில் இருந்ததற்கு வந்தேன். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஒரே ஒரு ஃப்ரேம். ஆயுத பூஜை அன்று மில்லில் எடுத்த குரூப் போட்டோ. மூன்று வரிசை, மானேஜரோடு சேர்த்து நாற்பத்தோரு பேர். அதில் ஒருவர் என் அப்பா. எனக்கு இரண்டு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டார். கல்யாண போட்டோக்கள் ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி ஊறிப்போய்விட்டன. அவருக்கென்று உலகத்தில் மிச்சம் இருந்தது இந்தப் படம் ஒன்றுதான்.

அதிலும் அவருடைய முகத்தை நான் பார்த்ததில்லை. அமாவாசைக்கு அமாவாசை அம்மா கண்ணாடி மேல் அவர் இருக்கும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். பழையதைத் துடைக்க மாட்டாள் ("அவர் மூஞ்சில துணியப் போடக் கூடாதுடா"). பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. நாற்பத்தெட்டு வருஷ அமாவாசைகள் சேர்ந்து அது புளியங்கொட்டை கனத்துக்கு வளர்ந்திருந்தது. படத்தில் இருந்த முகங்களோ துவரம்பருப்பு அளவு. "அப்பா எங்கே?" என்று யாராவது கேட்டால் சின்ன வயதில் நான் பொட்டைத்தான் காட்டுவேன்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஃப்ரேமைக் கழற்றினேன். பின்பலகையைப் பிரித்து, படத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். கண்ணாடியைக் குழாயடிக்குக் கொண்டுபோய் பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டு ஊற வைத்தேன். பொட்டு லேசில் வரவில்லை. தோசைத் திருப்பியால் சுரண்டினேன். பளபளவென்று ஆனதும் வெயிலில் தூக்கிப் பிடித்து, நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன். அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

படம் ஸ்கேன் ஆகித் திரையில் வந்தது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு கட்டம் போட்டு, கீழே 'இவர் யார்?' என்று கேட்டது. உற்சாகமாக 'அப்பா' என்று அடிக்கப் போனேன். எந்தக் கட்டத்தில்?

கண்ணாடியைப் பார்த்தேன். அதில் என் முகம்தான் தெரிந்தது.

நடு வரிசை என்பது வரைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் நடு வரிசையில் பதினாலு பேர். பதினாலு பேருக்கும் ஒரே கிராப்பு, ஒரே மீசை. எல்லோரும் ஒரே சலூனுக்குப் போயிருக்க வேண்டும். செல்வியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

"அரியாங்குப்பத்து அத்தைய கேளுங்க. கூடப் பொறந்தவங்களுக்குத் தெரியாமப் போவுமா?"

அப்பாவின் தங்கை அவர். பிரிண்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுநாளே ஓடினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டென்று ஒருவரைக் காட்டினார்.

"இதோ, எங்க அண்ணன். மூக்கப் பாரு, எங்க வூட்டு மூக்கு."

எனக்கு உயிர் வந்தது. அத்தை கொஞ்சம் யோசித்தார். "இரு இரு. இவரு இல்லடா. இதோ இவரு." அப்புறம் இன்னொருவர். நாலாவதாக அவர் காட்டியது முதல் வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மானேஜரை. அதற்குப் பிறகு அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

அந்த வாரமே அமாவாசை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முகங்கள் தெரியாது, விரலால் தடவிப் பழைய பொட்டைக் கண்டுபிடித்துத்தான் புதிது வைப்பாள். அன்றும் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். விரல் கண்ணாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வந்தது.

"இன்னாடா இது, வழவழன்னு இருக்குது? உங்கப்பா எங்க?"

ஐம்பது வயதுக்காரன், பென்சிலைத் தொலைத்த பையனைப் போல நின்று, "தொடைச்சிட்டேம்மா" என்றேன்.

அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு அவளே எனக்குத் தைரியம் சொன்னாள். "போவுது வுடு. கதிர்காமம் ஆஸ்பத்திரில கண்ணு ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க இல்ல? கண்ணு தெரிஞ்சதும் நானே காட்டுறேன். எனக்குத் தெரியாதா அவர?"

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கண் தெளிந்ததும் ஒரு காலையில் அவளை டிவி முன்னால் உட்கார வைத்தேன். நடு வரிசை முகங்களைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றையும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தேன் (என் திறமையில் எனக்கு அப்போதும் நம்பிக்கை போகவில்லை). ஒவ்வொருவராக வந்தார்கள்.

"இவரு எதுத்த வூட்டுக்காரரு. இவரு இல்ல. இவரு சங்கத்துல கத்திக்கினே இருப்பாரு. இவரும் இல்ல."

பதினாலும் முடிந்தது. "இன்னொருக்கா போடு" என்றாள். போட்டேன். மூன்றாம் முறையும் போடச் சொன்னாள். ஒன்பதாவது முகத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னாள், பதினொன்றாவதிலும். பிறகு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள் (டாக்டர் கண்ணைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார், நான் ஞாபகப்படுத்தவில்லை).

"தெரியலடா. கட்டிக்கினு மூணு வருஷந்தான இருந்தாரு. மூஞ்சி மறந்து போச்சு எனக்கு."

செல்வி சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது. ஒரு பொட்டைத்தான் அழித்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். புருஷன் முகம் மறந்துபோனது அம்மாவுக்கே தெரியாமல் இருந்தது. அதை அவளுக்குத் தெரிய வைத்தது நான். அந்தப் பொட்டு இருந்த வரைக்கும் அவளுக்கு முகம் தேவைப்படவேயில்லை.

அடுத்த அமாவாசைக்கு அம்மா யாரையும் கேட்கவில்லை. ஊதுபத்திக் குச்சியைச் சந்தனத்தில் தொட்டு, நடு வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பதினாலு பேருக்கும் பொடிப் பொட்டாக வைத்தாள், முகத்தை மறைக்காமல். மானேஜருக்கு வைக்கவில்லை.

"அத்த, இதுல யாராச்சும் உசுரோட இருந்தா?" என்றாள் செல்வி.

"இருந்தா நல்லா இருக்கட்டும். நாம பொட்டு வச்சா கொறைஞ்சா போயிடுவாங்க?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. யாருக்காவது கோபம் வந்தால், "பதினாலு மாமனாரு இருந்தும் எனக்குப் பரிஞ்சு பேச ஒருத்தரில்ல" என்பாள் செல்வி. போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்து, "இதுல உங்க தாத்தா யாரும்மா?" என்று கேட்டார்கள். அவள் நடு வரிசை முழுவதும் கையை நீட்டி, "இவங்கதான்" என்றாள். வந்தவர்களுக்குப் புரியவில்லை. கதையைச் சொன்னது அம்மா. தோசைத் திருப்பியைக்கூட விடாமல் சொன்னாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அம்மாவும்தான். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கழுவ வேண்டிய அவசியமே இல்லாத ஒரு டம்ளரை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.