மதிலூரின் காப்புச் சுவர்

மதிலூர் நாடு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அங்கே கேள்வி கேட்பவரின் பெயரை முதலில் எழுதிக்கொள்வார்கள், பதில் அப்புறம்தான். அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு ஆளுக்கொரு மாயப்பலகை கொடுத்திருந்தது. ஒரு பலகையில் எழுதினால் ஊர் தாண்டி இன்னொரு பலகையில் தெரியும். பிள்ளைகள் அதில் பாடம் படித்தார்கள், படம் வரைந்தார்கள், கணக்கு வாத்தியாரைக் கேலி செய்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு, பிள்ளைகளைப் போலவே எழுதிக்கொண்டு யாரோ சிலர் பலகைகளுக்குள் நுழைந்தார்கள். உன் தெரு எது, வீட்டில் யார் யார் என்று நைசாக விசாரித்தார்கள். பெற்றோர் பதறிப்போய் அரண்மனை வாசலில் கூடினார்கள். மாணவர் காப்புத்துறை அமைச்சர் அருள்வாரிதியார் மாடத்தில் தோன்றினார்.

"உண்மை மாணவர் யார், போலி மாணவர் யார் என்பதே சிக்கல்," என்றார். "ஆகவே ஒவ்வொரு மாணவரும் தம் பெயர், தெரு, பள்ளிக்கு வரும் வழி, செல்லப்பெயர், எதைக் கண்டால் பயம், பலகையின் கடவுச்சொல் ஆகியவற்றை மூன்று பிரதிகளில் தர வேண்டும். அவை சந்தைச் சுவரில் ஒட்டப்படும். மக்களே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒளிவுமறைவற்ற ஆட்சி!"

கைதட்டல் காதைப் பிளந்தது. மறுநாளே சுவர் முன்னால் பென்சிலும் தாளுமாகச் சிலர் வந்து நின்று, உட்கார்ந்து, பொறுமையாக எழுதிக்கொண்டு போனார்கள். வெயில் கொடுமையைப் பார்த்த அமைச்சர் அவர்களுக்குப் பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்தார். 'மக்கள் பங்கேற்பு எதிர்பார்த்ததைவிட அதிகம்' என்று அரசருக்கு அறிக்கையும் அனுப்பினார்.

ஊர்ப்பள்ளியின் மாணவர் தலைவி முத்துநகை, எட்டாம் வகுப்பு. ஒருநாள் அவள் பலகையில் எழுத்துகள் தோன்றின: "என்ன கொழுக்கட்ட, இன்னிக்கும் வாய்க்கால் வழியாத்தான் வருவியா? தனியாவா?"

கொழுக்கட்டை என்று அவளை அம்மா மட்டும்தான் கூப்பிடுவாள். அந்த அம்மா, அஞ்சலை, இதைப் பார்த்ததும் பலகையைப் பிடுங்கிப் பரணில் போட்டாள்.

"போதும்டி. திங்கக்கிழமையில இருந்து பள்ளிக்கூடமும் வேணாம், ஒன்னும் வேணாம். வீட்டோட கெட."

"தப்பு செஞ்சது எவனோ! எனக்கு ஏம்மா தண்டன?"

"செவுத்துல இருக்கிற உன் காயிதத்த எடுக்கச் சொல்லு. எடுத்துட்டா போ."

முத்துநகைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேரே அமைச்சரிடம் போய் நின்றாள்.

"நீக்கல் மனு கொடு, குழந்தாய்," என்றார் அவர். "எதை மறைக்க விரும்புகிறாயோ அதை மனுவில் பெரிய எழுத்தில் எழுது. மனுவும் சுவரில் ஒட்டப்படும்."

"அய்யா, அப்புறம் எதுக்குங்க மனு?"

"நல்ல கேள்வி. உன் பெயர் என்ன? இருக்கட்டும், சுவரிலேயே பார்த்துக்கொள்கிறேன். எப்படியும் நூறு விழுக்காடு முடியாமல் எந்தத் தாளையும் தொட முடியாது. உங்கள் பள்ளியில்தான் ஒரு மாணவர் பாக்கி."

முத்துநகை ஓட்டமாக ஓடித் தலைமையாசிரியை மங்கையர்க்கரசியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"அவனா? நாலாம் வகுப்புல ஓடிப்போனவன்டி. நாப்பத்தாறு வருஷமா ஆளக் காணோம். டி.சி. வாங்கல. டி.சி. வாங்காம பேரை அடிக்க விதி இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவங்களும் எழுதினாங்க, நானும் வருஷா வருஷம் எடுத்து எழுதிட்டு வரேன். வராத பிள்ளைங்க படிவத்த மாணவர் தலைவிதான் நிரப்பணும்."

பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கால ஆசிரியர் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தார். முத்துநகை இரண்டு தடவை படித்தாள். "டீச்சர்... இது..."

"ஆமா. தப்பில்லாம எழுது. கையெழுத்து நல்லா இருக்கட்டும்."

படிவத்தை வாங்கிய எழுத்தர்கள் எண்ணினார்களே தவிர, படிக்கவில்லை. நூறு விழுக்காடு! வெடி வெடித்தது. மூன்று தேசங்களில் பட்டம் பெற்றவரும் சகல கலைகளையும் கரைத்துக் குடித்தவருமான அரசர் வீரகேசரியே சந்தைக்கு எழுந்தருளினார். அவர் முன்னிலையில் அமைச்சர் கடைசித் தாளைக் கணீரென்று வாசித்தார்.

"பெயர், வீரகேசரி. தெரு, அரண்மனைத் தெரு. செல்லப்பெயர், பூசணி. பயம், கரப்பான்பூச்சி. பள்ளியை விட்ட காரணம்... ஏழாம் வாய்ப்பாடு கேட்டதும்... அழுதுகொண்டே..."

குரல் தேய்ந்து நின்றது. மீன்காரம்மா ஒருத்தி, "ஏழேழு எத்தன ராசா?" என்றாள். அவ்வளவுதான்! சிரிப்பில் தராசுகள் ஆடின, காவலர்கள் வேல்களை ஊன்றிக்கொண்டு குலுங்கினார்கள்.

"கிழி!" என்றார் அரசர்.

"இந்தத் தாளை மட்டுமா, பிரபு?"

"ஒன்று மட்டும் கிழிந்தால் அதைத்தானே பேசுவார்கள், மடையா! எல்லாவற்றையும் கிழி!"

அரை மணி நேரத்தில் சுவர் வெறும் சுவராயிற்று. அமைச்சரே ஏணியில் ஏறி மிச்சத்தைச் சுரண்டினார். மாலைக்குள் புதுச் சட்டமும் வந்தது. பள்ளிப் பதிவேட்டில் பெயர் உள்ள எவருடைய விவரத்தையும் எவரும் கேட்கக் கூடாது, எழுதக் கூடாது, வெளியிடக் கூடாது; மீறினால் சிறை. பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்த பென்சில்காரர்கள் ஆறு பேரும் அங்கேயே பிடிபட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சிரித்தார்கள்.

அஞ்சலை பரணில் ஏறிப் பலகையை எடுத்துக் கொடுத்தாள். தலைமையாசிரியை அரசருக்கு டி.சி.யை அனுப்பி வைத்தார். அது திரும்பி வந்தது. 'மாணவனாகவே தொடர்கிறோம்' என்று முத்திரையிட்டு எழுதியிருந்தது.

புதுச் சட்டப்படி மாணவரின் படிப்பைப் பற்றியோ சொத்தைப் பற்றியோ எவரும் கேட்க முடியாது என்பது அரண்மனையில் மற்றவர்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. திங்கட்கிழமை காலை அஞ்சலை மகளைப் பள்ளியில் விட வந்தபோது, நாலாம் வகுப்பு வாசலில் அமைச்சர்கள், தளபதிகள், வரி அதிகாரிகள் அத்தனை பேரும் சேர்க்கைப் படிவத்தோடு வரிசையில் நின்றார்கள். அருள்வாரிதியார் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்.

"டீச்சர், இவங்க எல்லாரும் இங்கயா இருக்கப் போறாங்க?" என்று வாசலில் நின்ற தலைமையாசிரியையிடம் அஞ்சலை கேட்டாள்.

"தினமும் சாயங்காலம் நாலு மணி வரைக்கும்."

"அப்பாடா!" என்று அஞ்சலை மகளின் முதுகைத் தட்டி உள்ளே அனுப்பினாள். "அதுவரைக்குமாவது நாடு பத்திரமா இருக்கும்."