எட்டாயிரம் சுற்றும் ஒரு சம்பந்தியம்மாவும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. தங்கையும் நீங்களும் உங்கள் லேத் பட்டறையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், என் மனைவி இருக்கிறாள், நான்கு மாதமாகச் சம்பந்தியம்மாவும் இருக்கிறார். என் டிரைவிங் ஸ்கூலின் ஒரே கார் மட்டும் அபாரமான ஆரோக்கியத்தோடு இருக்கிறது. அதைப் பற்றிப் புகார் செய்யவே இக்கடிதம்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். என் மகளின் மாமியார் பத்து நாளில் கார் ஓட்டப் பழகிக்கொண்டு போவதாகச் சொல்லி இரண்டு பெட்டிகளோடு வந்தார். "சொந்தத்துல ஸ்கூல வச்சுக்கிட்டு வெளியில போய்க் கத்துக்கிட்டா நாலு பேர் என்ன நெனப்பாங்க, சம்பந்தி?" என்றார். லைசென்ஸ் கைக்கு வந்தால்தான் வீடு திரும்புவது என்று சபதமும் செய்தார். பயம் வந்தால் சிலர் கண்ணை மூடுவார்கள், சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள், சம்பந்தியம்மா வலது காலை ஊன்றுவார். அந்தக் காலுக்கு அடியில் ஆக்சிலேட்டர் இருக்கிறது. இரண்டு டெஸ்ட் இப்படியே போயிற்று. மூன்றாவது டெஸ்டில், கார் நியூட்ரலில் நின்ற இடத்திலேயே எஞ்சின் அலறி, பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சினின் இரும்புச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே தலை நீட்டியது. தேர்வு அதிகாரி அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது ஃபெயில்தாம்மா" என்றார்.

அப்போதுதான் உங்களிடம் வந்தேன். ஓடுகிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் என்றுதான் கேட்டேன். நீங்களோ, "மச்சான், அவங்க கால மாத்த முடியாது, எஞ்சினோட கீழ்ப்பாதிய மாத்தலாம். மேல எவ்வளவு வேகமாச் சுத்தினாலும் கீழ தாங்கி நிக்கணும், அதான் விஷயம்" என்றீர்கள். பந்தயக் கார் எஞ்சின் செய்வதை விட்டுப் பல வருடமான உங்கள் கண்ணில் அன்று ஒரு ஒளி வந்ததைக் கண்டு நான் ஓடியிருக்க வேண்டும். உருக்கை அடித்துச் செய்த ராடுகள், அவற்றுக்கு முறியாத போல்ட்டுகள், எந்த வேகத்திலும் பேரிங்குகளுக்கு எண்ணெய் வற்றாத பம்ப், நகைக்கடைத் தராசில் ஒரே எடையாக நிறுத்த நான்கு பிஸ்டன்கள், முடியளவும் ஆட்டமில்லாத கிராங்க் ஷாஃப்ட். போதாதென்று, சட்டென்று வேகம் பிடிக்க வேண்டும் என்று, எஞ்சின் அணையாமல் உந்தித் தள்ளும் கனமான ஃப்ளைவீல் சக்கரத்தை வேறு சீவி இளைக்க வைத்தீர்கள். "நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்து வரைக்கும் அசையாது மச்சான்!" என்றீர்கள். அசையவில்லை. அதுதான் கோளாறு.

இருபத்திரண்டு வருடமாக நான் சொல்லிக் கொடுப்பது ஒரே பாடம். கிளட்சை மெல்ல விடுங்கள், வண்டி நடுங்கும், நடுங்கியதும் காலை அப்படியே நிறுத்துங்கள். என் கல்வித் திட்டம் முழுவதும் அந்த நடுக்கத்தின் மேல்தான் நின்றது. நீங்கள் அதை எடுத்துவிட்டீர்கள். நேற்று ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை மூன்று முறை ஸ்டார்ட் செய்தார். "ஆஃப் ஆயிடுச்சு சார்." "ஆகலீங்க, ஓடிட்டுதான் இருக்கு." "ஓடுதுன்னா ஒரு அறிகுறி வேண்டாமா?" கிளட்சை மென்மையாக விடும் பல் டாக்டருக்கு, இளைத்த ஃப்ளைவீல் தாங்காமல், ஒரு தெருவைக் கடப்பதற்குள் பதினோரு முறை வண்டி நின்றது. பின்னால் வந்தவர்கள் அவருடைய தொழிலை அறியாமல் அவருடைய பல்லை உடைப்பது பற்றிப் பேசினார்கள்.

சம்பந்தியம்மாவோ பூரித்துப் போயிருக்கிறார். முன்பு அவர் மிதித்தால் எஞ்சின் தடதடக்கும், திடுக்கிட்டுக் காலை எடுப்பார். இப்போது எதுவும் தடதடப்பதில்லை, ஆகவே எடுப்பதுமில்லை. "இப்பத்தான் சம்பந்தி உங்க காரு மரியாதையா நடந்துக்குது" என்கிறார். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஏழாயிரத்தில் நிற்கிறது, நான் பக்கத்து இருக்கையில் பிரேக்கின் மேல் நிற்கிறேன். உலகத்தில் எதையாவது பலப்படுத்துவதற்கு முன், அதன் பலவீனத்தை நம்பி யார் யார் பிழைக்கிறார்கள் என்று பொறியியல் படித்தவர்கள் விசாரிப்பதில்லை.

வியாழக்கிழமை நான்காவது டெஸ்ட். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். இந்த எஞ்சினோடு போனால் தோல்வி உறுதி, பெட்டிகள் இரண்டும் என் அறையிலேயே வேர்விடும். என் சட்டைகள் இப்போதே வரவேற்பறையில் தொங்குகின்றன. ஆகவே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உடனே வந்து உங்கள் கலைப்படைப்பைக் கழற்றிக்கொண்டு, எங்காவது காயலான் கடையில் கிடக்கும், நன்றாக நடுங்கக்கூடிய, சாதாரணமான, மானமுள்ள ஒரு எஞ்சினைப் பொருத்திக் கொடுங்கள்.

தங்கைக்கு என் ஆசிகள். உங்கள் லேத் நேராகவே சுற்றட்டும், என் விஷயத்தில் மட்டும் உங்கள் கை கொஞ்சம் கோணட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் வியாழன் வந்து போய்விட்டது. மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். மேட்டில் என் மாணவர்கள் நான்கு பேர் எஞ்சினை அணையவிட்டு ஃபெயிலானார்கள். சம்பந்தியம்மா ஏழாயிரத்துக்கு மிதித்து, கிளட்சை விட்டு, ஓர் அங்குலமும் பின்வாங்காமல் மேட்டைத் தாண்டினார். அதிகாரி காருக்குள்ளேயே, சீட் பெல்ட்டைக் கழற்றாமல், கையெழுத்துப் போட்டார். மாலையில் சம்பந்தியம்மா பெட்டிகளைக் கட்டினார், நானே கயிறு பிடித்தேன். அதற்குள் ஃபெயிலான நால்வரும் வாசலில் வந்து, "அம்மா, அந்த மிதி எப்படின்னு எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றார்கள். கயிறு அவிழ்ந்தது. இந்த எஞ்சினுக்குப் பாடம் நடத்தத் தம்மைத் தவிர ஆளில்லை என்று அவர் கண்டுகொண்டார். அதை மறுக்க நான் நேற்று அதே மேட்டில் ஏறிக் காட்டினேன். எஞ்சின் இரண்டு முறை அணைந்துவிட்டது. எஞ்சினை மாற்ற நீங்கள் வர வேண்டாம், அவர் கூடாது என்கிறார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவருடைய முதல் வகுப்பு. மாணவன் நான்.