பாட்டு கேட்டு ஆள் எடுத்தவர்

பேஸ்பால் பருவம் முடியும்வரை மனிதர் பேச்சு எதுவும் தன் காதில் விழக்கூடாது என்று ஆகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில் வெர்னான் கோவாக் முடிவெடுத்தார். அதை மனைவி டோரீனிடம் அறிவித்தார். அவள் பதில் சொல்வதற்குள் புது ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் கடைசி வார்த்தை அவருடையதாக அமைந்தது அதுவே முதல் தடவை.

காரணம் இருந்தது. டொலிடோவில் அவர்கள் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையை மூடி மூன்று வருடம் ஆகிறது. பழைய சகாக்களில் பத்துப் பேரை இன்னும் கட்டிவைத்திருப்பது ஒரு விளையாட்டு. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதுக்கடையின் பின்னறையில் கூடுவார்கள். நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களை முறை வைத்து ஆளுக்கு இருபது பேராகப் பிரித்துக்கொள்வார்கள். அவர்கள் எங்கோ மைதானத்தில் அடிப்பது இங்கே கணினியில் புள்ளியாக ஏறும். நடுவில் ஒருவனை விட்டுவிட்டு, யாரிடமும் இல்லாத வேறொருவனை எடுத்துக்கொள்ளலாம். கற்பனைக் குழுதான். ஆனால் வெர்னானின் தொலைபேசி அடிப்பதே அந்தக் கற்பனையால்தான். தொடர்ந்து இரண்டு வருடம் கடைசியில் வருபவர் வெளியேற வேண்டும் என்பது விதி. போன வருடம் வெர்னான் பத்தாவது. இந்த வருடமும், அந்தத் திங்கள்வரை, பத்தாவது.

அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. மட்டை பிடிக்க நடந்துவரும் ஒவ்வொருவனுக்கும் அவன் தேர்ந்தெடுத்த பாட்டை மைதானத்தில் போடுவார்கள். அந்தப் பாட்டைக் கேட்டாலே ஆளின் சரக்கு தெரிந்துவிடும் என்பார். ஹெட்போன் வாங்கியதே அதற்காகத்தான்.

"டோபியஸ் கிரெலைக் குழுவிலேர்ந்து தூக்கிட்டேன்" என்றார், அன்று மத்தியானம் ஒரு காதை மட்டும் திறந்து.

"ஐயோ, எதுக்கு? போன மாசம் ஒன்பது ஹோம் ரன் அடிச்சவனாச்சே!"

"பாட்டே வேணாம்னுட்டானாம். சாவு வீட்டுக்கு வர்ற மாதிரி சத்தமில்லாம வர்றான்."

"வந்து அடிக்கிறானே, வெர்ன்."

"ரசனை இல்லாதவன் எத்தனை நாளைக்கு அடிப்பான்?"

"சரி, யாரை எடுத்தே?"

"டார்னெல் விக்ஸ். அந்த டிரம்ஸைக் கேட்டியானா முதுகுத்தண்டு சிலிர்க்கும்."

"அவனுக்கு முழங்கால்ல ஆபரேஷன் ஆகி மூணு வாரம் ஆச்சு. கட்டில்ல கிடக்கிறான்."

"கட்டில்ல கிடந்தா என்ன? பாட்டு நல்லாயிருக்கில்ல?"

காதை மூடிக்கொண்டார்.

டோரீன் அதே தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருபது வருடம் கண்ணாடியில் கீறல் தேடியவள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத கீறல் அவளுக்குத் தெரியும். ஆனாலும், நீயும் விளையாட்டில் சேர்ந்துகொள் என்று அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

நல்ல ஹெட்போன். வெளியுலகத்தைத் துடைத்து எடுத்துவிட்டது. கூரைக்குழாயில் மழை ஒழுகுவது கேட்கவில்லை. குளிர்பதனப் பெட்டியின் முனகல் கேட்கவில்லை. நாள் முழுக்கத் தொலைபேசி அடிக்காமல் கிடப்பதும் கேட்கவில்லை. பெரிய வசதி அதுதான். யாரோ ஒருவனின் பாட்டுக்கு, யாரும் இல்லாத வரவேற்பறையில், அவர் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தலையாட்டலை டோரீன் ஒரு வாரம் கவனித்தாள். பிறகு சோதித்துப் பார்த்தாள்.

"மாடியில தீப்பிடிச்சிருக்கு."

"ம்ம்."

"பக்கத்து வீட்டு கிளைடோட ஓடிப்போகலாம்னு இருக்கேன்."

"சரி, சரி."

மூன்றாவதாக ஒன்று கேட்டாள். கொஞ்சம் நீளமான கேள்வி. அதற்கு வெர்னான் தலையை ஆட்டியதோடு நிற்காமல் கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார்.

அடுத்த வாரம் புள்ளிப் பட்டியல் வந்ததும் டோரீன் அவருக்கு விரல் விட்டுக் காட்டினாள். ஒன்பதாவது இடம்! அதற்கடுத்த வாரம் ஏழாவது. கொள்கை ஜெயித்துவிட்டது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எதையும் மாற்றக் கூடாது. பேஸ்பால்காரர்களுக்கு இது வேதம். வெர்னான் அதே பச்சைச் சட்டையைப் போட்டார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கணினியில் தன் குழுவின் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் திருஷ்டி. நாலாவது வாரம் சட்டை தானாகவே நிற்கும் நிலைக்கு வந்தபோது டோரீன் ஜன்னல்களைத் திறந்துவைத்தாள். ஆனால் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அதுகூட அவருக்கு நல்ல சகுனமாகத்தான் பட்டது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. மூன்றாவது இடம்!

மறுநாள் லைல் வந்தான். தொழிற்சாலையில் உலை மேற்பார்வையாளனாக இருந்தவன்; இப்போது இந்தப் பத்துப் பேருக்கும் தலைவன். வெர்னான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து கை நீட்டினார். லைல் அந்தக் கையைத் தாண்டிப் போய் டோரீனின் கையைக் குலுக்கினான்.

"கிரெலை யாரும் தொடுறதுக்குள்ள திரும்ப எடுத்தே பாரு, அதுலயே எங்க ஒன்பது பேருக்கும் தூக்கம் போயிடுச்சு, டோரீன்!"

"அவ எடுத்தாளா?" என்றார் வெர்னான். "அது என் குழுடா!"

"ஆகஸ்ட் ரெண்டாம் வாரம்வரைக்கும் உன்னுது. அப்புறம் நீ அவளுக்கு விட்டுக் குடுத்துட்டேன்னு போன் வந்துது. ஓட்டெடுத்துப் பேரை மாத்திட்டோம்."

"நான் எப்படா குடுத்தேன்?"

"குழுவை எனக்கே குடுத்துடுறியான்னு கேட்டேன், கட்டைவிரலைத் தூக்கினியே" என்றாள் டோரீன். "அப்புறமும் தினம் சாப்பிடுறப்போ, இன்னிக்கு இவனை எடுத்தேன், அவனை விட்டேன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். நீயும் ஒண்ணு விடாம ம்ம்னே."

வெர்னான் உட்கார்ந்துவிட்டார். மழை வலுத்திருந்தது. அது இப்போது நன்றாகவே கேட்டது. கடைசியில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பைத் தேடி எடுத்து முகத்தில் ஒட்டிக்கொண்டார்.

"போகட்டும். குழு தப்பிச்சுதில்ல, அது போதும். மார்ச்ல ரெண்டு பேருமா வந்துடுறோம். நான் பேசாம ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

லைல் தன் செருப்பைப் பார்த்தான். டோரீனைப் பார்த்தான்.

"அதுலதான் ஒரு சங்கடம், வெர்ன். பின்னறைக்கு யாரும் புருஷன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு விதி இருக்கே. நீ எழுதினதுதான்."