எங்கள் கிளை நடந்த கதை

நடப்பது கால்களின் வேலை என்று மனிதகுலம் பல்லாயிரம் ஆண்டுகளாக நம்பி ஏமாந்து வந்திருக்கிறது. அது கடிகாரத்தின் வேலை. இந்தப் பேருண்மையை நிரூபித்துக் காட்டிய பெருமை, நாற்காலி விற்கும் எங்கள் கம்பெனியின் மூன்றாம் மாடிக் கிளை அலுவலகத்தையே சேரும். அந்தக் கிளையின் 'ஆரோக்கியத் தூதர்' என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு பதிவு செய்கிறேன். என் தன்னடக்கம் எவ்வளவு என்று எங்கள் கைபேசிச் செயலியில் இப்போதைக்குப் பார்க்க முடியாது. அடுத்த பதிப்பில் வருமாம்.

மனிதர்களை உட்கார வைப்பதே எங்கள் தொழில். சாயும் நாற்காலி, சுழலும் நாற்காலி, முதுகுவலிக்கான நாற்காலி, முதுகுவலி தரும் மலிவு நாற்காலி, எல்லாம் எங்களிடம் உண்டு. தொழில்பக்தி காரணமாக நாங்களும் காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுவோம். இதனால் விற்பனையைவிட ஊழியர்களின் இடுப்பு வேகமாக வளர்வதைத் தலைமை அலுவலகம் கண்டுகொண்டது. காப்பீட்டுக்காரர்கள் அதற்கு முன்பே கண்டுகொண்டு, கட்டணத்தை உயர்த்தியிருந்தார்கள். எங்கள் உடல்நலத்தில் நிர்வாகத்துக்கு அக்கறை பிறந்தது அப்போதுதான்.

நிரந்தர ஊழியர் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு ஸ்மார்ட் கடிகாரம் வந்தது. கைபேசியில் 'நடைத்தோழன்' என்ற செயலி ஏறியது. கடிகாரம் கையில் இருந்துகொண்டே காலடியை எண்ணும், நெஞ்சைக் கேட்கும், தூக்கத்தை எடை போடும். மாதக் கடைசியில் எந்தக் கிளை அதிகம் நடந்திருக்கிறதோ, அந்தக் கிளைக்குக் குடும்பத்தோடு தீவுப் பயணம் பரிசு. கடைசியில் வரும் கிளையின் மேலாளர் 'விளக்கம்' தர வேண்டும். இதுவரை விளக்கம் தரப் போன மேலாளர் யாரும் திரும்பி வந்ததில்லை.

முதல் இரண்டு நாட்கள் நாங்கள் உண்மையிலேயே நடந்தோம். அந்த இருண்ட காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மேலாளர் தன் மேஜையைச் சுற்றி வந்து தலைசுற்றி விழுந்தார். கணக்கர் உட்கார்ந்த இடத்திலேயே கையை ஆட்டிப் பார்த்தார். கடிகாரம் அதை நடையாக ஏற்கவில்லை, 'விசிறிக்கொள்கிறீர்களா?' என்று கேட்டது. எங்கள் கிளை கடைசி இடத்தில் இருந்தது.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி அப்போதுதான் லிஃப்ட் அண்ணன் குறுக்கே வந்தார்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அது ஓடாது. ஓடுபவர் லிஃப்ட் அண்ணன். கீழே கிடங்கிலிருந்து இரண்டாம் மாடிக் காட்சிக்கூடத்துக்கும் மூன்றாம் மாடி அலுவலகத்துக்கும் நாற்காலிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கப் படியேறி இறங்குவார். ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் என்பதால் அவருக்குக் கடிகாரம் கிடையாது. நடப்பவருக்கு எதற்கு நடைக் கடிகாரம் என்று நிர்வாகம் தொலைநோக்கோடு சிந்தித்திருக்கிறது. அவர் மனைவி அதே கிடங்கில் மெத்தை உறை தைக்கிறார். அண்ணனின் மனைவி என்பதால் எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணி.

"அண்ணே, கீழேயா போறீங்க?" என்றார் மேலாளர். "அப்படியே இதையும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க." கடிகாரத்தைக் கழற்றி, பள்ளிக்கு அனுப்பும் பிள்ளையைப் போல ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, அண்ணனின் கையில் கட்டிவிட்டார்.

அன்று மாலை மேலாளர் கம்பெனி முழுமைக்கும் இரண்டாவது பெரிய நடையாளராக அறிவிக்கப்பட்டார். நாற்காலியை விட்டு எழாமலே இந்தச் சாதனையைச் செய்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். மறுநாள் காலை மற்ற ஏழு கடிகாரங்களும் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தன. இடது கையில் நான்கு, வலது கையில் நான்கு. மேலே முழுக்கைச் சட்டை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள்; ஊரார் காலுக்கும் அது பொருந்தும் என்று தெரிந்துகொண்டோம்.

விரைவிலேயே ஒரு கொள்கைப் பிரச்சினை எழுந்தது. அதற்காக அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

"டைப்பிஸ்ட்டும் நானும் ஒரே நடை நடந்திருக்கோம். இது நல்லாவா இருக்கு?" என்றார் மேலாளர் வருத்தத்தோடு.

"ஒரே கைதானே சார்," என்றார் கணக்கர்.

"கை ஒண்ணா இருக்கலாம். பதவி ஒண்ணா?"

'பதவிக்கேற்ற நடை' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதன்படி மேலாளரின் கடிகாரம் மட்டும் தினமும் மொட்டை மாடி வரை போய்வரும். டைப்பிஸ்ட்டின் கடிகாரம் மதியம் கழற்றி வைக்கப்படும். கணக்கரின் கடிகாரம் மேலாளருக்குப் பின்னால், ஆனால் அதிகம் பின்தங்காமல் வரும். எந்தக் கையில் எந்தப் பதவி என்று அண்ணன் குழம்பாமலிருக்க, ஆரோக்கியத் தூதர் என்ற முறையில் நானே அவருடைய மணிக்கட்டில் பேனாவால் குறித்துக் கொடுத்தேன்.

பிறகு தூக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று தெரியவந்தது. தூங்குவதில் எங்களுக்கு நல்ல பயிற்சி இருந்தாலும், அது அலுவலக நேரத்தில் நடப்பதால் செயலி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. எனவே கடிகாரங்கள் இரவிலும் அண்ணனோடு அவர் வீட்டுக்கே போயின. எங்களுக்காக அவர் தூங்கத் தொடங்கினார். காலையில் வந்ததும் செயலியைத் திறந்து, முந்தைய இரவு எப்படித் தூங்கினோம், இன்று எப்படி இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது எங்கள் வழக்கமாயிற்று. செயலி 'உற்சாகம்' என்றால் உற்சாகமாக இருப்போம். 'களைப்பு' என்றால் கொட்டாவி விடுவோம்.

ஒருநாள் மேலாளர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அண்ணனைக் கூப்பிட்டு, "ஏண்ணே, நேத்து ராத்திரி நான் ஏன் சரியாத் தூங்கலை?" என்று கேட்டார்.

"நெஞ்சு ஒரு மாதிரி இருந்துச்சு சார்."

"எனக்கா?"

"எனக்குத்தான் சார். உட்கார்ந்தே இருந்தேன்."

"பாத்துக்கங்கண்ணே. எனக்குத் தூக்கம் ரொம்ப முக்கியம்." அன்று மேலாளர் ஓய்வு தேவை என்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் வழக்கம்போல அவரை மொட்டை மாடி வரை நடத்திக் கூட்டிவந்தார்.

அதற்கு மறுநாள் அண்ணி மாடியேறி என் மேஜைக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"சார், இவருக்கு ரெண்டு மாடி ஏறினா நெஞ்சைப் பிடிக்குது. இடது கை மரத்துப்போகுதுங்கறாரு. ஒரு நாள் விட்டீங்கன்னா டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுவோம்."

எனக்கு உடனே கவலையாகிவிட்டது. "இடது கையா? அதுல யார் யாரு இருக்கோம்?"

"என் புருஷன் இருக்காரு சார்," என்றார் அண்ணி.

அக்கறையோடு விடுப்புச் செயலியைத் திறந்தேன். அண்ணனின் பெயர் அதில் இல்லை. ஒப்பந்த ஆட்களின் பெயர் அதில் ஏறாது. இல்லாத ஒருவருக்கு விடுப்பு கொடுத்தால், இருப்பவர்களுக்கு அநீதி இழைத்ததாகாதா?

"பேரு வரலையே அண்ணி."

"ஆளு வர்றாரே சார், தெனமும்."

"மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்குங்க. போட்டி முடிஞ்ச மறுநாள் நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப அவரு ஒரு நாள் உட்கார்ந்தா எட்டு பேரு உட்கார்ந்த மாதிரி. அதுவுமில்லாம இவ்வளவு நடக்கறவருக்கு நெஞ்சுல ஒண்ணும் வராது. நடைதான் மருந்துன்னு செயலியே சொல்லுது."

"மருந்து சாப்பிடறது அவரு, குணமாகறது நீங்களா?" என்று கேட்டுவிட்டு அண்ணி படியிறங்கிப் போனார். பாவம், கவலையில் பேசுகிறார் என்று நான் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அன்றே என் சொந்தப் பொறுப்பில், அண்ணனின் இடது கையிலிருந்த நான்கு கடிகாரங்களையும் வலது கைக்கு மாற்ற ஏற்பாடு செய்தேன். ஒரு தூதரால் இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

மாதத்தின் கடைசி நாள், முற்பகல். எங்கள் கிளை முதலிடத்தில் இருந்தது. தீவில் யார் எந்த அறையில் தங்குவது என்று கூட்ட அறையில் ஆலோசித்துக்கொண்டிருந்தோம். அப்போது எட்டுக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின.

'அவசரம். உங்கள் இதயத் துடிப்பு ஆபத்தான நிலையில் உள்ளது. உடனே உட்காருங்கள்.'

ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் அடுத்து என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"காலையிலேருந்தே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு," என்று மேலாளர் மேஜைமேல் படுத்தார்.

"எனக்கு இப்பதான் ஆரம்பிக்குது," என்று கணக்கர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். டைப்பிஸ்ட் வீட்டுக்குப் போன் செய்து, நகையெல்லாம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்.

நான் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். துடிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் என் விரலை நம்புவதா, நிபுணர்கள் உருவாக்கிய செயலியை நம்புவதா? நம்ப வேண்டியதை நம்பினேன். உடனே எனக்கும் வலித்தது. வெறுமையாக இருந்த எட்டு மணிக்கட்டுகளை எட்டுப் பேரும் பிடித்துக்கொண்டு, உயிருக்குப் போராடினோம்.

செயலி மிகப் பொறுப்பானது. யாரும் கேட்காமலேயே ஆம்புலன்ஸ்களை வரவழைத்துவிட்டது. வந்தவர்கள் எங்களை ஒவ்வொருவராகப் பதவி வரிசைப்படி கீழே இறக்கினார்கள். என்னை இறக்கும்போது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் லிஃப்ட் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சட்டை நனைந்திருந்தது. பக்கத்தில் ஒரு சுழல்நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. எங்கள் ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. காலை மட்டும் மடக்கிக்கொண்டார்.

வண்டிக்குள் ஆம்புலன்ஸ்காரர், "படிக்கட்டுல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, அவருக்கு என்ன?" என்று கேட்டார்.

"அது எங்க லிஃப்ட்டு," என்றார் மேலாளர் கண்ணைத் திறக்காமல். "அப்பப்ப நின்னுடும்."

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காலியாக இருந்த படுக்கைகள் எல்லாவற்றையும் நிறைத்தோம். டாக்டர் எங்கள் மார்பில் கருவிகளை ஒட்டிப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி ஒட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் கைபேசிகளை வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"எட்டு பேருக்கும் ஒரே துடிப்பு. ஒரே நொடியில தடுமாறியிருக்கு. எப்படி?"

"எங்க கிளையில எல்லாருக்கும் ஒரே மனசு டாக்டர்," என்றார் மேலாளர் பெருமிதத்தோடு. "நாங்க ஒரு குடும்பம் மாதிரி."

"மனசு இருக்கட்டும். உங்க எட்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. இந்த இதயம் யாருது?"

எட்டுப் பேரும் முதன்முறையாக எங்கள் மணிக்கட்டைக் கண்ணால் பார்த்தோம். அப்போது என் கைபேசி அடித்தது. டாக்டரே அதை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா, அந்த விலாசத்துக்கு வண்டி வந்து ஆளை ஏத்திட்டுப் போயாச்சுங்கறாங்க," என்றது அண்ணியின் குரல். "யாரை சார் ஏத்துனாங்க? இவரு இங்க படியில கெடக்கறாரு. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கறாரு. சார், கேக்குதா?"

டாக்டர் கைபேசியை என் படுக்கைமேல் எறிந்துவிட்டு, வண்டி வண்டி என்று கத்திக்கொண்டே ஓடினார். செவிலியர்களும் பின்னால் ஓடினார்கள். நாங்கள் எட்டுப் பேரும் நலமாகப் படுத்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் எட்டுக் கைபேசிகளும் மறுபடி ஒலித்தன. இந்த முறை மிக மென்மையான ஒலி.

'துடிப்பு பதிவாகவில்லை. கடிகாரத்தைக் கழற்றிவிட்டீர்களா?'

கீழே இரண்டு பொத்தான்கள். 'ஆம்'. 'இல்லை'.

"யாரும் 'இல்லை'ன்னு போட்டுடாதீங்க," என்றார் மேலாளர் தாழ்ந்த குரலில். "போட்டா நாம செத்துட்டோம்னு ஆயிடும். செத்த கிளைக்குப் பரிசு தர மாட்டாங்க."

அந்த மாதம் முழுவதும் எங்களுக்காக நடந்தவர் அண்ணன். தூங்கியவர் அண்ணன். வலித்ததும் அவருக்குத்தான். அன்று எங்கள் சொந்த உடம்பை அசைத்து, யாருடைய உதவியும் இல்லாமல் நாங்களே ஒரு காரியம் செய்தோம். எட்டுப் பேரும் விரலை நீட்டி 'ஆம்' என்று அழுத்தினோம்.