பூட்டிய பீரோவில் ஒரு கல்விப் புரட்சி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு, 'விளையாட்டு வழிக் கற்றல் தள'த்தைக் கண்டுபிடித்தது. அந்த மாபெரும் புரட்சி அன்று காலை பத்தே காலுக்கு ஒரு இரும்பு பீரோவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

அதை மீட்கும் போரில் கணக்கு வாத்தியார் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இறங்கியிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சாவி பூட்டுக்குள்ளேயே ஒடிந்து பாதியாகக் கிடந்தது.

"ரெண்டாவது சாவி எங்கய்யா?"

"பத்திரமா இருக்கு சார்" என்றார் ஸ்டோர் கிளார்க்.

"அதான் எங்க?"

"பீரோவுக்குள்ள."

பதினோரு மணிக்குக் கல்வி இயக்குநர் வருகிறார். தளத்தில் முதலிடம் பிடித்த ஆறாம் வகுப்பு 'பி' பிரிவை நேரில் பாராட்டப் போகிறார். நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு டேப்லெட்டோடு உட்கார்ந்திருக்க, முதல் மாணவி மேடையில் அதில் விளையாடிக்காட்ட வேண்டும். ஏற்பாட்டில் ஒரே ஒரு சின்னக் குறை. நாற்பது பேரில் ஒருவர்கூட அந்த டேப்லெட்டைத் தொட்டதில்லை.

நான்கு மாதத்துக்கு முன் பெட்டிகள் வந்து இறங்கிய அன்றே ஸ்டோர் கிளார்க் நாட்டு நலனை முன்னிட்டு ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். "பிள்ளைங்க தொட்டா கீறல் விழும். கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது?"

பிள்ளைகளின் எதிர்காலமும் டேப்லெட்டின் எதிர்காலமும் ஆலோசனைக் கூட்டத்தில் சீர்தூக்கிப் பார்க்கப்பட்டன. டேப்லெட் ஜெயித்தது. முப்பத்தொன்பது பீரோவுக்குள்ளே போயின. ஒன்று மட்டும் 'பரிசோதனைக்காக' கணக்கு வாத்தியாரிடம் வந்தது. கூடவே 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு பதவியும். அதற்கு ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். ஒரு பீரியட்கூடக் குறைக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமையே மேலிடத்திலிருந்து கடிதம்: 'தங்கள் பள்ளியின் பயன்பாடு பூஜ்யம். விளக்கம் தருக.'

தலைமையாசிரியை கூப்பிட்டார். "சார், பீரோவைத் திறக்கக் கூடாது. பூஜ்யமும் வரக் கூடாது. நீங்க கணக்கு வாத்தியாராச்சே, ஏதாவது பண்ணுங்க."

பண்ணினார். ஒரு பிள்ளைக்கு வாரம் ஐந்து நிமிடம் விளையாட்டு. நாற்பது பிள்ளைக்கு இருநூறு நிமிடம். ஆறாம் 'பி'யில் அவருக்கு வாரம் ஐந்து பீரியட், மொத்தம் இருநூற்று இருபத்தைந்து நிமிடம். இப்படிக் கைக்கு அடக்கமாகப் பொருந்துகிற கணக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவருக்குக் கிடைத்ததே இல்லை. அன்று முதல் வகுப்புக்குள் நுழைந்ததும், "சார் முக்கியமான ஆபீஸ் வேலை பாக்கணும். புத்தகத்தை எடுத்துக் கணக்கு போடுங்க. சத்தம் வரக் கூடாது" என்பார். பிறகு டேப்லெட்டை மேஜைமேல் கிடத்தி, நாற்பது பிள்ளைகளின் பெயரிலும், ஒருவர் விடாமல், தானே உள்நுழைந்து தானே விளையாடுவார். இதற்குப் பெயர் கடமை உணர்ச்சி.

மீதி இருபத்தைந்து நிமிடம்?

அதைக் கடமை என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. பின்னக் கணக்கைச் சரியாகப் போட்டால் ஒரு பச்சைத் தவளை ஆற்றில் இலைக்கு இலை தாவும். முதல் வாரம் தவளை ஒன்பது முறை தண்ணீரில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் திரையில், 'கவலைப்படாதே கண்ணா, மீண்டும் முயற்சி செய்!' என்று வந்தது. அவரை 'கண்ணா' என்று யாராவது கூப்பிட்டு முப்பது வருடம் இருக்கும். மீண்டும் முயற்சி செய்தார். பதினேழாம் நம்பர் மாணவியின் பெயரில் ஆடும்போது தவளைக்குத் தங்கக் கிரீடம் வந்தது. அப்புறம் அதை எப்படி விடுவது? கிரீடம் வளர்ந்து சிம்மாசனமாயிற்று. பதினேழாம் நம்பர் எல்லாப் பள்ளிகளையும் முந்தி முதலிடத்துக்குப் போய் உட்கார்ந்தது.

இதிலே ஒரு அதிசயம் என்னவென்றால், அரையாண்டுத் தேர்வில் ஆறாம் 'பி'யின் கணக்கு சராசரி முப்பத்தெட்டிலிருந்து அறுபத்தொன்றுக்குத் தாவியிருந்தது. தவளைகூட அவ்வளவு தாவியதில்லை. 'தளத்தின் மகத்தான வெற்றி' என்று மேலிடம் சுற்றறிக்கை விட்டது. எப்படி என்று வாத்தியாருக்கே விளங்கவில்லை. வந்த பாராட்டை நோண்டுவானேன் என்று விட்டுவிட்டார்.

'ணங்' என்று பூட்டு தெறித்தது. மணி பத்து நாற்பது.

"கவரைப் பிரிச்சா வாரன்ட்டி போயிடும் சார்!" ஸ்டோர் கிளார்க் குறுக்கே விழுந்தார்.

"பிரிக்கலேன்னா என் வேலை போயிடும்யா!"

முப்பத்தொன்பது பிளாஸ்டிக் உறைகள் பறந்தன. டேப்லெட்டுகள் கண்ணாடிபோல் பளபளத்தன. அதுவே ஆபத்து. வாத்தியார் ஆறாம் 'பி'க்கு ஓடினார். "எல்லாரும் நல்லா கையை வெச்சுத் தேய்ங்க! அழுக்கா இருக்கணும்! டேய் கடைசி பெஞ்சு, நீ ரெண்டு கையாலயும் தேய்!"

நான்கு மாதமாகக் கீறலிலிருந்து காக்கப்பட்டவை நான்கு நிமிடத்தில் நாலு வருடப் பழசாயின. ஸ்டோர் கிளார்க் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது பதினேழாம் நம்பர். முதல் பெஞ்சில், சோடாபுட்டிக் கண்ணாடியோடு, எதற்கும் பதறாத பெண். வகுப்பில் அவளுக்கு 'ஜட்ஜம்மா' என்று பெயர். வாத்தியார் அவள் முன்னால் குனிந்தார். தன் வேலை போவதுகூட அப்புறம். ஒரு தப்பும் செய்யாத இந்தப் பெண் ஊர் முன்னால் முழித்துக்கொண்டு நிற்கப்போகிறாளே என்பதுதான் முதல் கவலை.

"பாரும்மா, இங்க விடையைத் தொட்டா..."

"தவளை தாவும் சார். தப்பாச்சுன்னா விழும். நீங்க 'ச்சே'ம்பீங்க."

"உனக்கு எப்படி..."

"தினமும் பாக்கறேனே சார், எதிர்ல உக்காந்து. என்ன, எல்லாம் தலைகீழாத் தெரியும்."

பதினோரு மணி. இயக்குநர் வந்தார், மாலையை மறுத்தார், வாங்கிக்கொண்டார், 'இருபத்தோராம் நூற்றாண்டு' என்று ஏழு முறை சொன்னார். பிறகு ஜட்ஜம்மா மேடைக்கு அழைக்கப்பட்டாள். டேப்லெட்டை வாங்கி, ஒரு கணம் பார்த்து, நிதானமாகத் தலைகீழாகத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

வாத்தியார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

ஆடினாள். தவளை ஒரு முறைகூட விழவில்லை. இருபது இலை, இருபது தாவல். அவர் நான்கு மாதத்தில் தாண்டாத கடைசிக் கட்ட அருவியை அவள் முதல் ஆட்டத்திலேயே தாண்டினாள்.

"தலைகீழா வெச்சுக்கிட்டா!" இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். "ஏம்மா அப்படி?"

"இப்படித்தான் சார் பழக்கம்."

"பாத்தீங்களா? பல கோணச் சிந்தனை!" பக்கத்தில் இருந்தவர் உடனே குறிப்பெடுத்தார். இயக்குநர் மறுபடி அவள் பக்கம் திரும்பினார். "சரி, சொல்லு. உங்க வகுப்பு கணக்குல இவ்வளவு முன்னேற என்ன காரணம்?"

வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஜட்ஜம்மாவுக்குப் பொய் வராது. பள்ளிக்கே தெரிந்த விஷயம்.

"எங்க கணக்கு சார்தான் காரணம்" என்றாள்.

கைதட்டல் காதைப் பிளந்தது. அடுத்த கேள்வி வருவதற்குள் தலைமையாசிரியை நன்றியுரையை ஆரம்பித்துவிட்டார். வாத்தியாருக்குப் பொன்னாடை. 'நாளை முதல் டேப்லெட்டுகள் பிள்ளைகள் கையிலேயே இருக்கட்டும்' என்று இயக்குநர் ஆணை. பொன்னாடைக்குள் வாத்தியாரின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. எங்கோ, எப்படியோ, நாம் நல்ல வாத்தியார்தான் போலிருக்கிறது. பழைய பாடங்களெல்லாம் இப்போது ஊறி வேலை செய்கின்றனவோ என்னவோ!

கார் கிளம்பியதும் ஜட்ஜம்மா வகுப்பு வாசலில் அவரைப் பிடித்தாள். பின்னால் மொத்த ஆறாம் 'பி'யும் நின்றது. ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் வாத்தியார். "என்னைக் காப்பாத்தறதுக்காகத்தானே அப்படிச் சொன்னே?"

"இல்ல சார், உண்மையத்தான் சொன்னேன். நீங்க ஆபீஸ் வேலை பாக்கறப்போ நாங்களே புத்தகத்தைப் படிச்சோம். புரியாததை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்தோம். மெதுவாத்தான், சத்தம் வரக் கூடாதுன்னு சொன்னீங்களே. அதுல எல்லாம் புரிஞ்சிடுச்சு."

வாத்தியாரின் தோளிலிருந்து பொன்னாடை மெல்ல நழுவியது.

"அதான் சார், எல்லாரும் சேர்ந்து ஒண்ணு கேக்க வந்தோம். டேப்லெட்டை எல்லாம் பீரோவுலயே வெச்சிடுங்க. உங்களோடதை மட்டும் நீங்களே வெச்சுக்குங்க."

"ஏம்மா?"

ஜட்ஜம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தீர்ப்பைப் படித்தாள்.

"அதை எங்ககிட்டக் குடுத்துட்டீங்கன்னா, நீங்க மறுபடியும் பாடம் நடத்த ஆரம்பிச்சிடுவீங்க சார்."