கண்டிப்பதற்காகப் பகிர்ந்த படம்

நம் தீவு நாட்டில் ஆட்சிக்கவிழ்ப்பு ஒவ்வொன்றுக்கும் பின் நம்மவர்கள் விமானம் ஏறினர். எஞ்சியிருப்போரின் மானத்தைக் காக்க இணைய ஒழுக்கப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. காக்கப்பட வேண்டியவர்களில் பாதிப்பேர் அதற்குள் ஆக்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டது அலுவலகத்தின் பிழையன்று.

பா என்னும் நகரத்துப் பள்ளியாசிரியை மோகினி. சவேனி கடற்கரையில் பீர் போத்தலோடு ஆடிய எவளோ ஒருத்தியின் உடலில் மோகினியின் தலையை ஒட்டி, பெயரற்ற ஒருவன் முகநூலில் ஏற்றினான். படம் மறையும்வரை பள்ளிக்கு வரவேண்டாமென்று தலைமையாசிரியர் கனிவோடு தெரிவித்தார். மோகினி அலுவலகம் சென்று அதிகாரி சதேந்திராவைக் கண்டாள்.

"படம் எங்கே, டீச்சர்?"

"அதை எடுக்கச் சொல்லத்தான் வந்தேன்."

"பாக்காம எதை எடுக்கிறது? என் போனுக்கு அனுப்புங்க."

அனுப்பினாள். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். கடமை கருதி மறுபடியும் பார்த்தார்.

"தலை உங்களுதா?"

"தலை மட்டும்தான்."

"அப்போ புகாரும் தலைக்கு மட்டும். உடம்புக்காரி தனியா வந்து எழுதிக் குடுக்கணும். ஏத்தினவன் யாரு?"

"ஆக்லாந்துல இருக்கானாம்."

"நம்ம சட்டத்துக்கு அங்கே விசா இல்லைம்மா. ஆனா இங்கே பகிர்ந்தவங்களை விடமாட்டோம். எந்தக் காரணத்துக்குப் பகிர்ந்தாலும் குற்றம்."

விசாரணை தொடங்கியது. பகிராதவர் ஊரில் இல்லை. கடைக்கார வீரசாமி, 'யாரும் பார்க்காதீர்கள்' என்றெழுதிப் பகிர்ந்திருந்தார். கோயில் மாதர் சங்கத் தலைவி கம்லா பிரிஸ்பேனிலுள்ள தங்கைகளுக்கு அனுப்பியிருந்தாள். "அவங்களும் கண்டிக்கவேண்டாமா?" என்றாள். தலைமையாசிரியர் எச்சரிப்பதற்காகப் பெற்றோர் அனைவருக்கும் அனுப்பியிருந்தார்.

ஆயினும் இவர்கள் உட்பட எல்லாரும் முகநூலில் முகத்துக்குப் பதில் பூப்படமும் பெயருக்குப் பதில் புனைபெயரும் வைப்பது அப்போதைய நாகரிகம். செம்பருத்திக்குச் சம்மன் அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. சொந்தப் பெயரோடும் முகவரியோடும் அந்தப் படத்தை அனுப்பியதாக ஆவணத்தில் அகப்பட்டவர் ஒருவரே. சம்மன் மோகினிக்குப் போயிற்று.

"நீங்கதானே அனுப்பச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"கேட்டது அலுவலகம். அனுப்பினது நீங்க" என்றார் சதேந்திரா. "கேக்கறது குற்றம்னு சட்டம் சொல்லலை."

பள்ளியில் அவள் இடத்துக்கு வேறொருத்தி நியமிக்கப்பட்டாள். செய்தி கேட்டு ஊரே கொதித்தது. இந்த அநீதியை உலகம் அறியவேண்டுமென்று நாம் அனைவரும் அன்றே எழுதினோம். விவரம் அறியாதவர்களுக்கு விளங்கவேண்டுமே என்று, படத்தையும் சேர்த்தே அனுப்பினோம்.